லாகோஸ் யாருடைய ஊர்? இக்போ, யோருபா அரசியல் பற்றி ஓர் இழை

வாசகர் கேள்வி, 4 ஆகஸ்ட் 2024

நைஜீரியாவில் இக்போ இனத்தவர் லாகோஸ் நகரத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று ட்விட்டரில் ஒரு கணக்கு பிரசாரம் செய்துகொண்டிருக்கிறது. ஆகஸ்ட் 20 முதல் 30 வரை போராட்டமாம். எங்கள் கம்பெனி அடுத்த மாதம் என்னை அங்கே அனுப்புகிறது. விசாரித்தால், "இக்போவும் யோருபாவும் பரம்பரை எதிரிகள், ஓட்டு என்று வந்தால் இனம் பார்த்துத்தான் போடுவார்கள், நீ அதில் தலையிடாதே" என்கிறார்கள். அங்கே இருந்தவர்கள் சொல்லுங்கள், இது உண்மையா?

4 ஆகஸ்ட் 2024, இரவு

தலையிடாதே என்பது சரி. மற்ற இரண்டும் தப்பு.

பரம்பரைப் பகை என்றால் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நெடுங்காலமாகப் பார்த்திருக்கவாவது வேண்டும். யோருபா நாடு நைஜீரியாவின் தென்மேற்கில் இருக்கிறது. இக்போ நாட்டின் பெரும்பகுதி நைஜர் ஆற்றுக்குக் கிழக்கே. நடுவில் பெனின் அரசு, எடோ, எசான், உர்ஹோபோ என்று வேறு மக்கள். லாகோஸிலிருந்து அந்த ஆற்றின் மேல் உள்ள ஓனிட்சா பாலம் சுமார் 450 கிலோமீட்டர். வெள்ளைக்காரன் வருவதற்கு முன் இவர்கள் இரண்டு பேருக்கும் எல்லைச் சண்டை போட எல்லையே கிடையாது.

19ஆம் நூற்றாண்டில் யோருபாக்களின் பெரிய போர்கள் யோருபாக்களோடுதான் நடந்தன. 1877இல் தொடங்கி 1893 வரை இழுத்த கிரிஜி போர் இபாதானுக்கும் எகிட்டிக் கூட்டணிக்கும் நடந்தது. இக்போ பக்கம் பெரும்பாலான ஊர்களுக்கு மேலே ஓர் அரசனே இல்லை; ஊர்ப் பெரியவர்கள் கூடி முடிவெடுப்பார்கள், பக்கத்து ஊர் வேறு உலகம். எல்லோரும் ஒரே மக்கள் என்ற எண்ணம் இரு பக்கமும் வலுத்தது மிஷன் பள்ளி, அச்சடித்த பைபிள், ரயில், அரசாங்க குமாஸ்தா வேலை இவையெல்லாம் வந்த பிறகு. லாகோஸில் வேலை தேடி வந்து இறங்கிய பிறகுதான் ஓவெரிக்காரரும் நெவிக்காரரும் "நாம் இக்போ" என்று சங்கம் வைத்தார்கள்.

நான் லாகோஸில் மின்சாமான் இறக்குமதி செய்யும் ஒரு கம்பெனியில் பல வருடம் வேலை பார்த்தேன். இலுபெஜுவில் அலுவலகம், அலாபா சந்தையில் வாடிக்கையாளர்கள். எங்கள் கணக்காளர் அபெயோகுட்டா யோருபா. சரக்கறைப் பொறுப்பாளர் நெவி இக்போ. இரண்டு பேரும் மதியம் ஒரே மேசையில் சாப்பிடுவார்கள். தேர்தல் மாதத்தில் மட்டும் அந்த மேசையில் பேச்சு குறையும். அது ஏன் குறைகிறது என்பதுதான் என்னைப் பல காலமாக விடாமல் பிடித்திருக்கும் கேள்வி. நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.

5 ஆகஸ்ட் 2024

கேட்டவருக்கு உடனடியாக வேண்டியது: தைரியமாகப் போங்கள். லாகோஸ் மாநில அரசே அந்தப் பிரசாரத்தைக் கண்டித்திருக்கிறது. அலுவலகத்தில் யாரிடமும் "நீங்கள் யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். பெயரை வைத்து இனத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று காட்டிக்கொள்ளவும் வேண்டாம். நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன். பதில் வராது, ஆனால் அடுத்த வாரம் வரை யாரும் முன்போல் பேச மாட்டார்கள்.

9 ஆகஸ்ட் 2024

எங்கே தொடங்கியது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். நான் 1941இல் தொடங்குவேன்.

நைஜீரிய இளைஞர் இயக்கம் என்று ஒன்று லாகோஸில் இருந்தது. சட்டமன்றத்தில் காலியான ஓர் இடத்துக்கு யாரை நிறுத்துவது என்று போட்டி. ஒருவர் எர்னஸ்ட் இகோலி, இஜோ இனத்தவர். இன்னொருவர் சாமுவேல் அகிசான்யா, இஜெபு யோருபா. இக்போவான ந்னாம்டி அசிகிவே, ஊர் முழுக்க "ஸிக்" என்று அழைத்தவர், யோருபாவான அகிசான்யாவை ஆதரித்தார். யோருபாவான ஒபாஃபெமி அவோலோவோ, இஜோவான இகோலியை ஆதரித்தார். அதிலும் அவோலோவோ அகிசான்யாவைப் போலவே இஜெபு வட்டாரத்துக்காரர். இகோலி தேர்வானார், ஸிக்கும் அகிசான்யாவும் இயக்கத்தை விட்டு வெளியேறினார்கள். பின்னால் இந்த இரண்டு இனத்துக்கும் முகமாக மாறிய இருவரும் முதல் முறை மோதியபோது ஆளுக்கொருவர் அடுத்த இனத்துக்காரரின் பக்கம் நின்றார்கள்! இதைச் சொன்னால் லாகோஸிலேயே பல பேர் நம்புவதில்லை.

ஸிக் பிறந்தது 1904இல், வடக்கே சுங்கெருவில். ஹௌசா பேசி வளர்ந்தவர், லாகோஸில் படித்தவர், யோருபாவும் பேசுவார். 1944இல் என்.சி.என்.சி. கட்சி பிறந்தபோது அதன் தலைவர் ஹெர்பர்ட் மெக்காலே, யோருபா பிஷப் அஜயி க்ரௌதரின் பேரன். செயலாளர் ஸிக். மெக்காலே 1946இல் இறந்த பிறகு ஸிக் தலைவரானார். லாகோஸ் மக்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

அப்புறம் சங்கங்கள் வந்தன. அவோலோவோ 1945இல் லண்டனில் தொடங்கிய எக்பே ஓமோ ஓடுடுவா 1948இல் நைஜீரியாவுக்கு வந்தது. இக்போ பக்கமும் ஊர்ச் சங்கங்களெல்லாம் ஒரே கூட்டமைப்பாகத் திரண்டன. ஸிக்கின் பத்திரிகையும் எதிர்ப் பத்திரிகையும் 1948 முழுக்க ஒன்றையொன்று திட்டித் தீர்த்தன. லாகோஸ் சந்தைகளில் வெட்டுக்கத்திகளை ஆள் போட்டி போட்டு வாங்கினார்கள் என்று அந்தக் காலத்தைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். கலவரம் நடக்கவில்லை. ஆனால் தலையங்கம் எழுதுகிறவர்கள் மனசு வைத்தால் ஊர் எவ்வளவு சீக்கிரம் அந்த இடத்துக்கு வந்துவிடும் என்பது அந்த வருடம் தெரிந்தது.

10 ஆகஸ்ட் 2024

1952 ஜனவரியில் மேற்குப் பிரதேசத்தின் இபாதான் சட்டசபையில் "ஒரே ராத்திரியில் யோருபா உறுப்பினர்கள் எல்லோரும் கட்சி மாறி ஸிக்கின் முதலமைச்சர் பதவியைப் பறித்தார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இக்போ வீடுகளில் இந்தக் கதையை இப்படித்தான் கேட்பீர்கள். என் சரக்கறை நண்பரும் இப்படித்தான் சொல்வார்.

நடந்தது இதைவிடச் சிக்கலானது. 1951 தேர்தலில் பல பேர் உள்ளூர்க் கட்சிகளின் பெயரில் நின்றார்கள். முடிவு வந்ததும் இரண்டு பெரிய கட்சிகளும் "இவர் எங்கள் ஆள்" என்று பட்டியல் போட்டன. இபாதான் மக்கள் கட்சியின் 6 பேரில் 5 பேர் அவோலோவோவின் ஆக்ஷன் குரூப் பக்கம் போனார்கள். ஒருவர் மட்டும், அடெகோகே அடெலாபு, ஸிக்கோடு நின்றார். அவர் சுத்தமான இபாதான் யோருபா, முஸ்லிம், அவோலோவோவுக்குக் கடைசி வரை பெரிய தலைவலி. 1958இல் கார் விபத்தில் அவர் இறந்தபோது இபாதானில் கலவரமே வெடித்தது.

அதற்கு அடுத்த படியிலும் ஸிக் தோற்றார். லாகோஸிலிருந்து மத்திய சபைக்குப் போக வேண்டியவர், அவருடைய சொந்தக் கட்சிக்காரர்களே விலகிக் கொடுக்காததால் போக முடியவில்லை. கிழக்குக்குத் திரும்பினார். அங்கே அரசை நடத்திக்கொண்டிருந்த எஃபிக் இனப் பேராசிரியர் எயோ இட்டாவை ஓரம் கட்டி, 1954இல் அவரே கிழக்குப் பிரதேச முதல்வரானார். லாகோஸில் தன்னை வெளியூர்க்காரனாக்கினார்கள் என்று வருந்தியவர், கிழக்கில் ஒரு சிறுபான்மைத் தலைவருக்கு அதையே செய்தார். இக்போ நண்பர்கள் இந்தப் பாதியைச் சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. எயோ இட்டாவின் கலபார் பக்கத்து மக்களுக்கு இக்போ ஆட்சி மீது வந்த பயத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று. அந்த "துரோகம்" நடந்து மூன்று வருடத்துக்குள், 1954 மத்தியத் தேர்தலில் மேற்குப் பிரதேசத்திலேயே அதிக இடம் பிடித்தது ஸிக்கின் கட்சிதான். ஓட்டுப் போட்டவர்களில் யோருபாக்களும் இருந்தார்கள். தலைவர்கள் அடித்துக்கொண்டார்கள், வாக்காளர் அப்படி நினைக்கவில்லை.

17 ஆகஸ்ட் 2024

இனி பியாஃப்ரா போர். இதை எழுதுவது கஷ்டம்.

1964இல் ஸிக்கின் பழைய கட்சியும் அவோலோவோவின் கட்சியும் ஒரே கூட்டணி. அவோலோவோ அப்போது சிறையில். எதிர் அணியில் வடக்கின் கட்சியோடு நின்றவர் இன்னொரு யோருபா, அகின்டோலா. ஆக, போருக்கு மூன்று வருடம் முன்பு இக்போவும் யோருபாவில் பெரும்பகுதியும் ஒரே பக்கம்.

1966 ஜனவரி 15 இராணுவப் புரட்சியை நடத்திய மேஜர்களில் பெரும்பாலோர் இக்போக்கள், ஒருவர் யோருபா. பிரதமர் பலேவா, வடக்கின் அகமது பெல்லோ, மேற்கின் அகின்டோலா கொல்லப்பட்டார்கள். பதவிக்கு வந்த ஜெனரல் இரோன்சி இக்போ. ஜூலை 29இல் எதிர்ப் புரட்சி. இரோன்சி அன்று இபாதானில் மேற்குப் பிரதேச ராணுவ ஆளுநர் ஃபாஜுயியின் விருந்தாளி. விருந்தாளியைப் பிடித்தவர்கள் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போய் இரண்டு பேரையும் கொன்றார்கள். ஃபாஜுயி எகிட்டி யோருபா. விருந்தாளியைக் கைவிடாமல் கூடவே போய்ச் செத்தவர் என்றுதான் இன்றும் அவரை நினைக்கிறார்கள். இக்போக்களும் யோருபாக்களும் ஒரே குரலில் மரியாதையாகப் பேசும் பெயர்கள் அதிகமில்லை, அவர் அதில் ஒருவர்.

வடக்கில் இக்போக்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள், லட்சக்கணக்கில் கிழக்குக்கு ஓடினார்கள். 1967 மே 1ஆம் தேதி அவோலோவோ ஒரு பேச்சுப் பேசினார்: மற்றவர்களின் செயலாலோ செயலின்மையாலோ கிழக்கு பிரிந்து போக நேர்ந்தால், மேற்கும் லாகோஸும் நைஜீரியாவில் இருக்க முடியாது என்ற பொருளில். சில நாள் கழித்து எனுகுவுக்குப் போய்க் கிழக்கின் ராணுவ ஆளுநர் ஓஜுக்வுவைச் சந்தித்தார். மே 30இல் ஓஜுக்வு கிழக்கைப் பியாஃப்ரா என்ற தனி நாடாக அறிவித்தார். மேற்கு பிரியவில்லை. அவோலோவோ நைஜீரிய ராணுவ ஆட்சித் தலைவர் கோவனின் அரசில் நிதிப் பொறுப்பை ஏற்றார்.

இங்கேதான் முடிச்சு. இக்போக்களுக்கு அது வாக்குத் தவறியது. யோருபாக்களுக்கு, அது நிபந்தனை போட்ட பேச்சு. போரைத் தடுக்கப் போன மனிதரைக் கேட்காமல் ஓஜுக்வு அவசரப்பட்டார். என் கணக்காளரும் சரக்கறை நண்பரும் ஒரே பேச்சின் ஒரே வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒரு மதியம் முழுக்க வாதாடியதைக் கேட்டிருக்கிறேன். குரல் உயரவில்லை. சாப்பாடு ஆறிப்போனது.

அப்புறம் முற்றுகை. உணவு போகவில்லை. குழந்தைகள் பட்டினியால் செத்தார்கள், உலகமே அந்தப் படங்களைப் பார்த்தது. 1970 ஜனவரியில் சரணடைந்த பிறகு, வங்கியில் எவ்வளவு போட்டிருந்தாலும் கையில் 20 பவுண்டு. 1972இல் வெளிநாட்டுக் கம்பெனிகளின் பங்குகளை நைஜீரியர்களுக்கு விற்றபோது, வாங்கப் பணமில்லாமல் நின்றவர்கள் கிழக்கத்தியர்கள். இந்தப் பொருளாதார முடிவுகளுக்கெல்லாம் இக்போ மனதில் ஒரே முகம்: அவோலோவோ. 1983இல் அபெயோகுட்டாவில் அவரே முற்றுகைக்கும் 20 பவுண்டுக்கும் விரிவாக விளக்கம் சொன்னார். அனுப்பிய உணவைப் போர்வீரர்கள் பிடுங்கிக்கொண்டார்கள், அதனால் நிறுத்தினேன் என்பது அதில் ஒன்று. கிழக்கில் அந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்ட ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. எனக்கும் அது போதவில்லை.

18 ஆகஸ்ட் 2024

நேற்று எழுதியது ஒரே பக்கமாக நிற்கக் கூடாது. போரில் இனம் மட்டுமே பார்த்தவர்கள் இருந்தார்கள், பார்க்காதவர்களும் இருந்தார்கள். பியாஃப்ராவின் படையை நைஜர் ஆற்றைத் தாண்டி மேற்கே ஓரே வரை கொண்டுபோன விக்டர் பான்ஜோ யோருபா. 1967 செப்டம்பரில், சதி செய்தார் என்று ஓஜுக்வுவின் அரசே அவரைச் சுட்டுக் கொன்றது. போரை நிறுத்த ஓஜுக்வுவைப் பார்க்கப் போன வோலே சோயின்கா, யோருபா எழுத்தாளர், கோவன் அரசின் சிறையில் ஏறக்குறைய இரண்டு வருடம் கிடந்தார்.

வீடுகளின் கதையும் இருக்கிறது. போர் முடிந்து போர்ட் ஹார்கோர்ட் திரும்பிய இக்போக்களுக்கு அங்கே கட்டியிருந்த வீடுகள் கிடைக்கவில்லை. "கைவிடப்பட்ட சொத்து" என்று போனவை பல. லாகோஸில் பலருக்கு வீடு திரும்பக் கிடைத்தது. யோருபா அண்டை வீட்டார் வாடகை வாங்கி வைத்திருந்து கணக்கோடு கொடுத்ததாக எத்தனையோ குடும்பங்கள் சொல்கின்றன. என் சரக்கறை நண்பரின் பெரியப்பாவுக்கு யாபாவில் அப்படிக் கிடைத்தது. அவோலோவோவைத் திட்டிவிட்டு, அடுத்த மூச்சில் அந்த யாபா அம்மாவைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரல் மாறும். இரண்டும் அவருக்கு உண்மை.

முன்பு "தலைவர்கள்தான் காரணம்" என்பது போல எழுதியிருந்தேன். அது பாதிதான். 20 பவுண்டு ஒரு தலைவரின் முடிவு, ஆனால் அதை அனுபவித்தது ஒவ்வொரு வீடும். பாட்டி சொல்லிக் கேட்ட பட்டினியைக் கட்சிக்காரன் வந்து தூண்டிவிட வேண்டியதில்லை, அது அங்கேயே இருக்கிறது.

2 செப்டம்பர் 2024

ஆகஸ்ட் 30 கடந்துவிட்டது. அலாபாவில் கடைகள் எப்போதும் போல் திறந்திருந்தன என்று சரக்கறை நண்பர் போனில் சொன்னார். கேள்வி கேட்டவர் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பார் என்று நம்புகிறேன்.

3 செப்டம்பர் 2024

"எல்லோரும் இனம் பார்த்துத்தான் ஓட்டுப் போடுவார்கள்" என்பதை எடுத்துக்கொள்வோம்.

1979 ஜனாதிபதித் தேர்தலில் அது சரி. அவோலோவோ இக்போவான ஃபிலிப் உமேயாடியைத் துணை வேட்பாளராக நிறுத்தியும், அனாம்ப்ரா, இமோ மாநிலங்களில் அவருக்கு நூற்றுக்கு ஒன்றுகூட விழவில்லை. 20 பவுண்டுக்குப் பதில் அது.

1993 ஜூன் 12இல் அபியோலா, அபெயோகுட்டா யோருபா முஸ்லிம், நாடு முழுக்க ஜெயித்தார். எதிராளி தோஃபாவின் சொந்த மாநிலம் கானோவிலேயே ஜெயித்தார். அப்போது இருந்த நான்கு இக்போ மாநிலங்களில் அனாம்ப்ரா அபியோலாவுக்கு, மற்ற மூன்றும் தோஃபாவுக்கு. தோஃபாவின் துணை வேட்பாளர் சில்வெஸ்டர் உகோ இக்போ என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தேர்தலை நடத்திய ஆணையத் தலைவர் ஹம்ஃப்ரி ந்வோசுவும் இக்போதான். அப்போதைய ராணுவ ஆட்சியாளர் பபங்கிடா முடிவை ரத்து செய்தார். இன்னொரு 1966 வந்துவிடும் என்று லாகோஸிலிருந்து இக்போக் குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு பஸ் ஏறின. பஸ் ஏறியவர்களை யோருபாக்கள் கைவிட்டவர்களாகப் பார்த்தார்கள். ஆனால் அபியோலாவுக்காகப் போராடிய அணியில் இக்போவான ரியர் அட்மிரல் ந்துபுய்சி கானு முன்வரிசையில் நின்றார். அதையும் சேர்த்துத்தான் நினைக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது 1999. இரண்டு வேட்பாளரும் யோருபா: ஒபசாஞ்சோ, ஃபலே. யோருபா மாநிலங்கள் ஆறும் ஒபசாஞ்சோவைத் தோற்கடித்தன. இக்போ மாநிலங்கள் அவரை ஜெயிக்க வைத்தன. போரில் பியாஃப்ராவின் தோல்வியை முடித்து வைத்த அதே படைத்தலைவரை! சொந்த ஊரில் தோற்று, எதிர்த்துப் போரிட்ட ஊரில் ஜெயித்தவரை வைத்துக்கொண்டு, ரத்தம்தான் ஓட்டுப் போடுகிறது என்று எப்படிச் சொல்வது?

2011இல் இக்போக்கள் அள்ளிக் கொடுத்தது ஜோனதனுக்கு. அவர் இஜோ. பெயரில் "அசிகிவே" இருக்கிறது என்பது வேறு விஷயம். அதே வருடம் யோருபா மாநிலங்களில் ஓசுன் தவிர மற்றவையும் அவருக்கே விழுந்தன. 2015இல் இக்போக்கள் ஜோனதனோடு நின்றார்கள், யோருபாக்கள் பெரும்பாலும் புஹாரிக்குப் போனார்கள். ஒவ்வொரு முறையும் பேரம்தான் பக்கத்தை மாற்றியது.

26 அக்டோபர் 2024

2023 பற்றி எழுதாமல் ஏன் நழுவுகிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். நழுவவில்லை. மனது பாரமாக இருந்ததால் தள்ளிப்போட்டேன்.

பிப்ரவரி 25, ஜனாதிபதித் தேர்தல். லாகோஸில் பீட்டர் ஓபிக்கு 5,82,454 ஓட்டு, யோருபாவான தினுபுவுக்கு 5,72,606. பத்தாயிரத்துக்குள் வித்தியாசம். லாகோஸை 1999 முதல் கையில் வைத்திருந்தவர், அதே ஊரில், இக்போ வேட்பாளரிடம் தோற்றார். நாடு முழுக்க ஜெயித்தது தினுபுதான், அது வேறு.

உடனே எல்லோரும் "இக்போக்கள் லாகோஸைப் பிடித்துவிட்டார்கள்" என்றார்கள். இதை நான் ஏற்கவில்லை. லாகோஸில் எத்தனை இக்போ இருக்கிறார்கள் என்று யாருக்கும் கணக்கே இல்லை; 2006 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இனமும் மதமும் கேட்கவே இல்லை. ஓபிக்குப் போட்டவர்களில் 2020 அக்டோபரில் காவல்துறை அத்துமீறலை எதிர்த்து லெக்கி சுங்கச்சாவடியில் நின்ற தலைமுறை இருந்தது. எங்கள் கணக்காளரின் இரண்டு பிள்ளைகளும் ஓபிக்குத்தான் போட்டார்கள், அப்பா தினுபுவுக்கு. அந்த வீட்டில் எல்லோரும் யோருபா. அதே சமயம், தென்மேற்கின் ஆறு மாநிலங்களில் ஓசுனையும் லாகோஸையும் தினுபு இழந்தார். தென்கிழக்கு ஐந்தும் ஓபிக்கு ஒட்டுமொத்தமாகப் போயின. ஒரு பக்கம் பிரிந்தது, ஒரு பக்கம் திரண்டது. இதை மறைத்துப் பேசுவதிலும் நேர்மை இல்லை. தென்கிழக்கிலிருந்து தேர்தலில் ஜெயித்த ஜனாதிபதி இதுவரை ஒருவரும் இல்லை. திரண்டதற்கு எனக்குத் தெரிந்த பெரிய காரணம் அது.

மார்ச் 18, ஆளுநர் தேர்தல். ஓபியின் லேபர் கட்சியின் வேட்பாளர் க்பாடெபோ ரோட்ஸ்-விவர். லாகோஸின் பழைய யோருபாக் குடும்பத்துப் பிள்ளை. அம்மா இக்போ. அந்த மூன்று வாரமும் பிரசாரம் அவர் அம்மாவைப் பற்றித்தான் நடந்தது. ஓட்டுப் போட வரும் இக்போக்களை வீட்டிலேயே இருங்கள் என்று மிரட்டினார்கள். சில சாவடிகளில் முகத்தைப் பார்த்துத் திருப்பி அனுப்பினார்கள். இக்போ என்று நினைத்து யோருபாக்களையே அடித்த கதைகளும் உண்டு. முடிவு: தினுபு கட்சியின் ஆளுநர் சான்வோ-ஓலு 7,62,134, ரோட்ஸ்-விவர் 3,12,329. பிப்ரவரியில் ஓபிக்கு விழுந்த அளவு மார்ச்சில் ரோட்ஸ்-விவருக்கு விழவில்லை என்று அந்த எண்ணே சொல்கிறது.

எங்கள் சரக்கறை நண்பர் அன்று போகவில்லை. திங்கட்கிழமை வேலைக்கு வந்தார். கணக்காளர் அவருக்கு முன் வந்து காத்திருந்து, கையைப் பிடித்து, "நடந்தது எங்களுக்கு அவமானம்" என்றார். அவர் சான்வோ-ஓலுவுக்குப் போட்டவர். அந்த மேசையில் பேச்சு திரும்ப வருவதற்கு மாதங்கள் ஆயின.

21 டிசம்பர் 2024

இன்று ஜிபோவு பக்கம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். இக்போக்கள் சொந்த ஊர் போகும் கிறிஸ்துமஸ் பஸ்கள். கட்டணம் இரண்டு மூன்று மடங்கு. கூரையில் அரிசி மூட்டை, ஜெனரேட்டர், டிவி பெட்டி. ஓனிட்சா பாலத்தில் நாள் முழுக்க நெரிசல். பாதி லாகோஸ் காலியான மாதிரி இருக்கும்.

கணக்காளர் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று: "பணம் இங்கே, பிணம் அங்கே." லாகோஸில் சம்பாதிக்கிறார்கள், ஊரில் மாளிகை கட்டுகிறார்கள், செத்தால் ஊருக்குக் கொண்டுபோகிறார்கள், அப்புறம் இந்த ஊர் எங்களுடையதும்தான் என்றால் எப்படி? முதலில் கேட்டபோது எனக்கு நியாயமாகப் பட்டது. அப்புறம் போர்ட் ஹார்கோர்ட் வீடுகள் நினைவுக்கு வந்தன. வெளியூரில் கட்டிய வீடு ஒரே வருடத்தில் போகலாம் என்று பார்த்தவர்கள், ஊரில் ஒரு கூரை போட்ட பிறகுதான் வெளியே முதலீடு செய்வார்கள்.

சட்டமும் அவர்களை அப்படித்தான் நடத்துகிறது. அரசியல் சாசனத்தின் 318ஆம் பிரிவு, ஒரு மாநிலத்துக்கு "உரியவர்" யார் என்று சொல்கிறது: பெற்றோரில் ஒருவரோ, தாத்தா பாட்டியில் ஒருவரோ அந்த மாநிலத்தின் பூர்வீகச் சமூகத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். எங்கே பிறந்தாய், எங்கே வரி கட்டுகிறாய் என்று கேட்பதில்லை. மந்திரி பதவி, மத்திய வேலை, கல்லூரி இடம் பலவற்றுக்கும் பூர்வீகச் சான்றிதழ். சரக்கறை நண்பரின் மகள் லாகோஸில் பிறந்தவள், யோருபாவில் சண்டை போடுவாள், ஆனால் சான்றிதழ் நெவியிலிருந்து வர வேண்டும். இது இக்போவுக்கு எதிரான சட்டம் என்று நினைக்காதீர்கள். எனுகுவில் பிறந்த யோருபாப் பிள்ளைக்கும் இதே கதிதான். முன்பு எனுகு இப்படி இல்லை. 1950களில் அதன் முதல் மேயர் உமாரு அல்டினே, சொகோட்டோவிலிருந்து வந்த ஃபுலானி. இக்போ ஊர் அவரைத் தேர்ந்தெடுத்தது.

லாகோஸும் முற்றிலும் கதவை மூடவில்லை. ஃபஷோலா ஆளுநராக இருந்தபோது பட்ஜெட் துறையைப் பார்த்த பென் அகபுவேஸே இக்போ. ஆனால் அது கூப்பிட்டுக் கொடுத்த இடம். சாசனப்படி உரிமையாகக் கிடைத்ததல்ல. 2015 ஏப்ரலில் லாகோஸின் ஓபா (பாரம்பரிய மன்னர்) அகியோலு, தன் வேட்பாளருக்குப் போடாத இக்போக்களைக் கடற்கழியில் முடிந்துபோவீர்கள் என்று அவர்கள் தலைவர்களிடமே சொன்னார். விருந்தாளியிடம்தான் அப்படிப் பேச வரும்.

15 பிப்ரவரி 2025

அயோ அடெபாஞ்சோ நேற்று இறந்துவிட்டார். 96 வயது. ஆக்ஷன் குரூப் காலத்திலிருந்து அவோலோவோவின் தொண்டர், அஃபெனிஃபெரே என்ற யோருபா அமைப்பின் தலைவர். யோருபா தேசியம் என்றால் அவரைவிடப் பழைய ஆள் இல்லை. 2023இல் யோருபாவான தினுபுவை விட்டு இக்போவான ஓபியை ஆதரித்தார். தென்கிழக்கின் முறை வந்துவிட்டது, நியாயம் என்றால் அதுதான் நியாயம் என்றார். அமைப்பே இரண்டாகப் பிளந்தது. முதியவர் ஃபசொரன்டி தினுபுவோடு நின்றார். இரண்டு பேரும் அவோலோவோவின் பெயரைச் சொல்லித்தான் நின்றார்கள்.

கணக்காளருக்குப் போன் செய்தேன். "அவர் சொன்னதோடு எனக்கு உடன்பாடில்லை, ஆனால் அவரைப்போல் இனி ஆள் இல்லை" என்றார்.

22 பிப்ரவரி 2025

பபங்கிடா தன் வாழ்க்கை நூலை அபுஜாவில் வெளியிட்டு, 1993இல் அபியோலாதான் ஜெயித்தார் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். 1966 ஜனவரிப் புரட்சி இக்போப் புரட்சி அல்ல என்றும் எழுதியிருக்கிறார். இந்த இரண்டு வாக்கியத்தையும் அன்றே சொல்ல வேண்டியவர்கள் சொல்லியிருந்தால் எவ்வளவு பேர் உயிரோடு இருந்திருப்பார்கள்! கோபம்தான் வருகிறது, வேறு எழுதத் தோன்றவில்லை.

19 ஜூலை 2025

பரிகாவில் "சார்லி பாய்" பஸ் நிறுத்தத்தின் பெயரை மாற்றிவிட்டார்கள். சார்லி பாய் இக்போ கலைஞர், அந்தப் பக்கம் பல வருடம் வாழ்ந்தவர். புதுப் பெயர் ஒலமிடே என்ற யோருபாப் பாடகருக்கு. ஒலமிடே பரிகாப் பிள்ளை, பெயர் வைக்கத் தகுதியானவர்தான். அவருக்கு ஒரு புதுத் தெருவைக் கொடுத்திருக்கலாம். கண்டக்டர்கள் பழைய பெயரைத்தான் கூவுவார்கள் என்று சரக்கறை நண்பர் சொன்னார். ஆனாலும் அவருக்குச் சுருக்கென்று இருந்திருக்கிறது, பேச்சில் தெரிந்தது.

10 ஆகஸ்ட் 2025

318ஆம் பிரிவை மாற்றவே முடியாதா என்று முதல் கேள்வியைக் கேட்டவர் இப்போது லாகோஸிலிருந்து எழுதியிருக்கிறார். பத்து வருடம் ஒரு மாநிலத்தில் தொடர்ந்து வாழ்ந்தவர்களுக்கும், அந்த மாநிலத்தைச் சேர்ந்தவரைத் திருமணம் செய்தவர்களுக்கும் பூர்வீக உரிமை கொடுக்கலாம் என்று இந்த வருடம் பிரதிநிதிகள் சபையில் ஒரு மசோதா வந்தது. முன்நின்றவர் துணை சபாநாயகர் பெஞ்சமின் கலு, அபியா மாநில இக்போ. எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றுவிட்டார்.

எதிர்த்தவர்கள் எல்லோரும் வெறியர்கள் அல்ல. லாகோஸ் பெருகப் பெருகத் தாங்கள் சொந்த ஊரிலேயே சிறுபான்மை ஆகிவிடுவோம் என்ற பயம் லாகோஸின் பூர்வீக யோருபாக்களான அவோரி மீனவக் குடும்பங்களுக்கு உண்டு, அவர்கள் நிலம் போனது கண்ணெதிரே நடந்த விஷயம். அந்தப் பயத்துக்கு நில உரிமைப் பாதுகாப்பைத் தனியாகக் கொடுங்கள்; ஓட்டையும் வேலையையும் கல்லூரி இடத்தையும் வாழும் ஊரோடு சேருங்கள். நான் அந்தச் சபையில் இருந்தால் இப்படிப் பிரித்துத்தான் கேட்பேன். கணக்காளரிடம் சொன்னேன். நிலம் பற்றிய பாதிக்கு உடனே சரி என்றார். ஓட்டு பற்றிய பாதிக்கு, யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.